மண்ணுக்குள் போகும் பெட்டி: எது மட்கும், எது தங்கும், எது நீரோடு நகரும்

இறந்த உடலை மண்ணில் அடக்கம் செய்யும்போது உடல் மட்டும் உள்ளே போவதில்லை. பெட்டி, அதன்மேல் அடித்த வார்னிஷ், கைப்பிடிகள், திருகாணிகள், உள்ளே தைத்த சாட்டின் துணி, அடியில் விரித்த பாலித்தீன், உடல் கெடாமலிருக்க உள்ளே செலுத்திய ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்), சில இடுகாடுகளில் இவை எல்லாவற்றையும் சுற்றி ஒரு கான்கிரீட் பெட்டகம் என்று ஒரு நீண்ட பட்டியலே சேர்ந்து புதைகிறது. இவற்றில் எது சூழலுக்குக் கெடுதல் என்று கேட்டால், மரம் வெட்டப்படுகிறதே என்று பலரும் முதலில் பலகையைத்தான் காட்டுவார்கள். மண்ணுக்குள் போன பிறகு இருப்பதிலேயே சாதுவான பொருள் அந்தப் பலகைதான். தொல்லை கொடுப்பவை அதோடு ஒட்டிக்கொண்டு போகும் சில்லறைச் சாமான்கள்.

மண்ணில் புதைத்த எந்தப் பொருளுக்கும் மூன்றில் ஒரு கதி உண்டு. நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தால் அது மட்கும். தின்ன முடியாததாகவும் நீரில் கரையாததாகவும் இருந்தால் அங்கேயே தங்கும். கரைந்தால் மழைநீரோடு கீழே இறங்கி நிலத்தடி நீரை நோக்கி நகரும். மரம், பருத்தி, காகிதம் முதல் வகை. பாலியெஸ்டர், பிளாஸ்டிக் கைப்பிடி, கண்ணாடியிழை இரண்டாம் வகை. ஆர்செனிக், துத்தநாகம், செம்பு போன்றவை மண்ணின் தன்மையைப் பொறுத்து இரண்டாவதாகவும் இருக்கும், மூன்றாவதாகவும் மாறும். தனிமங்களைச் சிதைக்கும் நுண்ணுயிர் உலகத்திலேயே கிடையாது. ஃபார்மால்டிஹைடு எவ்வளவு நச்சானாலும் அதன் மூலக்கூறு உடைந்தால் கதை முடிந்தது. ஆர்செனிக் நூறு ஆண்டு கழித்தும் ஆர்செனிக்தான். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் கீழே வரும் மற்ற எல்லாமே எளிதாகப் புரியும்.

முதலில் மண்ணுக்குள் நடப்பது என்ன

மட்குவதற்கு வேண்டியவை காற்று, ஈரம், நுண்ணுயிர். மேல்மண்ணில் மூன்றும் நிறைய உண்டு. ஆழம் போகப்போக முதலில் குறைவது காற்று. அதனால்தான் இயற்கை முறை அடக்கத்தில் குழியை 1 முதல் 1.2 மீட்டருக்குள் வைக்கச் சொல்கிறார்கள். 2 மீட்டர் ஆழத்தில், அதுவும் களிமண்ணில், ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே நடப்பது காற்றில்லாச் சிதைவு. அது மெதுவானது, மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, அம்மோனியா ஆகியவற்றை வெளிவிடும். நீர் தேங்கிய குழியில் உடலின் கொழுப்பு சோப்பு போன்ற வெளிறிய கெட்டி மெழுகாக மாறிவிடும். அப்படி மாறிவிட்டால் உடல் பல பத்தாண்டுகள் சிதையாமல் கிடக்கும்.

உடலே ஒரு பெரிய வேதிப் பொதி என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள உடலில் சுமார் 64 விழுக்காடு, அதாவது 45 லிட்டர் அளவுக்கு நீர். நைட்ரஜன் ஏறத்தாழ 1.8 கிலோ. அந்த நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் கிட்டத்தட்ட 8 கிலோ. குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அந்தக் கணக்கில் 8 கிலோ நைட்ரேட், 1,60,000 லிட்டர் நீரை வரம்புவரை கொண்டுபோகப் போதும். நடைமுறையில் செடிகளின் வேரும் மண்ணின் பாக்டீரியாக்களும் அதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்கின்றன. சிதைவும் பல ஆண்டுகளுக்குப் பரவி நடக்கிறது. ஆனாலும், என்னதான் சுத்தமான பெட்டி வாங்கினாலும் குழி கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் பயனில்லை என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வகுத்த இடைவெளிகள் பல நாடுகளில் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. குடிநீருக்கான கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஊற்று ஆகியவற்றிலிருந்து குறைந்தது 250 மீட்டர். மற்ற நீரோடைகளிலிருந்து 30 மீட்டர். வயல் வடிகாலிலிருந்து 10 மீட்டர். குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 1 மீட்டர் மண். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் மீறப்படுவது. கோடையில் தோண்டிப் பார்த்தால் குழி காய்ந்து கிடக்கும்; மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது அதே குழி நீரில் ஊறும். அளவெடுப்பதென்றால் நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் எடுக்க வேண்டும்.

மரம் என்று சொல்லப்படுவது

மரப்பெட்டி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி முழு மரம் கிடையாது. எம்.டி.எஃப். (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) அல்லது துகள் பலகை மேல், அரை மில்லிமீட்டர் தடிமனில் மரத்தோல் ஒட்டியது. அதைவிட மலிவானதில் மரம்போல் அச்சடித்த காகிதம். மேல்பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியின் அடிப்பக்கத்தையோ திருகாணித் துளையின் உள்விளிம்பையோ பார்க்க வேண்டும். முழு மரமென்றால் மேற்பரப்பில் ஓடும் ரேகை வெட்டுமுனையிலும் தொடரும். எம்.டி.எஃப். என்றால் விளிம்பு ஒரே சீரான பழுப்பு, ரேகையே இருக்காது. துகள் பலகையில் சிறுசிறு சீவல்கள் அழுத்தி ஒட்டியது கண்ணுக்கே தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 190 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள பெட்டிக்கு ஆறு பக்கமும் சேர்த்துப் பரப்பு சுமார் 4.3 சதுர மீட்டர். பலகை 18 மி.மீ. தடிமன் என்றால் கன அளவு 0.077 கன மீட்டர். எம்.டி.எஃப். கன மீட்டருக்கு 750 கிலோ எடை. ஆக பெட்டி 58 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு பிசின். அதாவது 5 முதல் 6 கிலோ யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசின் மண்ணுக்குள் போகிறது. இந்தப் பிசின் ஈரத்தில், குறிப்பாக அமில மண்ணில், மெல்ல உடைந்து யூரியாவாகவும் ஃபார்மால்டிஹைடாகவும் பிரியும். பயப்படும் அளவுக்கு இது பெரிய விஷயமில்லை. இதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த சேர்மத்தை, நைட்ரஜனை மெதுவாக வெளியிடும் உரமாக விற்கிறார்கள். எம்.டி.எஃப்.பின் பெரிய குறை வேறிடத்தில்: பலகையை அறுக்கும் தொழிலாளி சுவாசிக்கும் நுண்தூசியிலும், புதுப் பலகையிலிருந்து மூடிய அறைக்குள் கசியும் வாயுவிலும்.

பூச்சு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கை அடித்தால் வெளிப்புறத்துக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு லிட்டர் செலவாகும். அதில் இருக்கும் கரைப்பான் பட்டறையிலேயே காற்றில் போய்விடும். மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் தோல். அந்தத் தோல் ஈரத்தையும் பூஞ்சையையும் பலகைக்குள் விடாமல் தடுக்கிறது. ஆக நல்ல மரத்தை வாங்கி, அது மட்காதபடி நாமே பூச்சு போட்டுப் புதைக்கிறோம். பளபளப்பு வேண்டுமானால் ஆளி விதை எண்ணெய், தேன்மெழுகு, அரக்குப் பாலிஷ் போதும். ஆளி விதை எண்ணெயிலும் "வேகமாக உலரும்" என்று விற்பவற்றில் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். கலப்பில்லாததைக் கேட்டு வாங்கி, உலர இன்னும் சில நாள் கூடுதலாகப் பொறுத்தால் ஆயிற்று.

மரத்தில் நிஜமாகவே ஆபத்தானது ஒன்று உண்டு: மருந்தேற்றிய பழைய மரம். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றிய மரம் வேலிக்கால், வெளித்தளம், விளையாட்டுச் சாதனங்கள் என்று பல பத்தாண்டுகள் பயன்பட்டது. அமெரிக்காவில் 2003 இறுதியோடு குடியிருப்புப் பயன்பாட்டுக்கு இதை நிறுத்தினார்கள். பழைய மரத்தை மறுபடி பயன்படுத்துவது நல்ல காரியம் என்று நினைத்து இதில் பெட்டி செய்தால் விளைவு தலைகீழ். தரைமேல் பயன்பாட்டுக்கான மரத்தில் கன மீட்டருக்குச் சுமார் 4 கிலோ மருந்து ஏற்றுவார்கள். நாம் எடுத்துக்கொண்ட 0.077 கன மீட்டர் பெட்டியில் அது 300 கிராம். அதில் தனி ஆர்செனிக் மட்டும் கிட்டத்தட்ட 68 கிராம். குடிநீர் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். முழுவதும் கசிவதாக வைத்துக்கொண்டால் 68 லட்சம் லிட்டர் நீர். முழுவதும் ஒரேயடியாகக் கசியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அடையாளம்: வெட்டுமுனையில் மங்கிய பச்சைச் சாயல். வெயிலில் வெளுத்த பழைய மரத்தில் மேலே தெரியாது. ஓரத்தில் ஒரு சீவு சீவிப் பார்க்க வேண்டும். சந்தேகமென்றால் அந்த மரத்தை ஒதுக்கிவிடுங்கள், எரிக்கவும் கூடாது. சரக்கேற்றும் பேலட் மரத்தில் செய்வதானால், அதில் பதித்திருக்கும் பன்னாட்டு முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, வேண்டாம்.

உலோகப் பெட்டியும் ரப்பர் விளிம்பும்

உருக்குத் தகட்டுப் பெட்டிகள் பொதுவாக 0.9 முதல் 1.2 மி.மீ. தடிமன். மேலே சொன்ன அளவுப் பெட்டிக்கு 1.2 மி.மீ. தகடு மட்டும் 40 கிலோ. மண்ணில் உருக்கு அரிக்கும் வேகம் வறண்ட மணலில் ஆண்டுக்குச் சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உப்பும் ஈரமும் உள்ள களிமண்ணில் 100 மைக்ரானையும் தாண்டும். சராசரியாக 50 மைக்ரான் என்று வைத்தாலும் 24 ஆண்டில் தகடு முழுதாகத் தேய்ந்துவிடும். அதற்கு வெகு முன்பே துருக்குழி விழுந்து ஓட்டையாகும். துருவான இரும்பு தனியாகப் பெரிய நச்சில்லை. கவலை மற்ற உலோகங்களைப் பற்றியது: துத்தநாகப் பூச்சு, செம்பு, வெண்கலம், பழைய பற்றவைப்பில் இருக்கும் ஈயம். செம்பு சிறிய அளவிலேயே மண்ணின் பூஞ்சைகளையும் மண்புழுக்களையும் பாதிக்கிறது. அதாவது மட்கவைக்கும் ஆட்களையே முடக்குகிறது. துத்தநாகம் அமில மண்ணில் எளிதில் கரைந்து நகரும். ஈயம் மண்துகளோடு இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஓர் இடுகாட்டு மண்ணை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வில் ஆர்செனிக், செம்பு, ஈயம், துத்தநாகம், இரும்பு ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. இவற்றில் நான்கு பெட்டியின் உலோகப் பாகங்களோடு தொடர்புள்ளவை. ஆர்செனிக்குக்கு மரமருந்தும் காரணமாகலாம், உடலைப் பதப்படுத்தச் செலுத்திய பழைய எம்பாமிங் திரவமும் காரணமாகலாம்.

சில உலோகப் பெட்டிகளின் மூடி விளிம்பில் ரப்பர் பட்டை வைத்து, சாவியால் திருகி இறுக்குவார்கள். "நீரும் காற்றும் புகாது" என்பதே விற்பனை வாசகம். சூழல் நோக்கில் பார்த்தால் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு இதுதான். காற்று புகாததால் உள்ளே நடப்பது முழுக்கக் காற்றில்லாச் சிதைவு. வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். பட்டை வழியாக மெல்லக் கசிந்தால் நல்லது. கசியாவிட்டால் மூடி பிதுங்கும், தரைமேல் கல்லறை அறைகளில் பெட்டி பிளந்ததும் உண்டு. அடைப்பதால் கசிவு தவிர்வதில்லை, தள்ளிப்போகிறது. பல ஆண்டு கழித்துத் தகடு ஓட்டையாகும்போது தேங்கிய திரவம் மொத்தமாக வெளியேறும். இன்னொன்றும் நடக்கும். மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில் துரு கரையத் தொடங்கும். துருவோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆர்செனிக்கும் அப்போது விடுபட்டு நீரோடு கிளம்பும்.

வெள்ளம் வந்தால் அடைத்த பெட்டி மிதக்கும். நம் பெட்டியின் வெளிக் கன அளவு 456 லிட்டர். நீரில் முழுகினால் மேல்நோக்கிய விசை 456 கிலோவுக்கு நிகர். பெட்டியும் உடலும் சேர்ந்து 160 கிலோ என்றால் கிட்டத்தட்ட 300 கிலோ விசை அதை மேலே தள்ளும். மேலே 1 மீட்டர் இறுகிய மண் இருந்தால் தாங்கிவிடும். மேல்மண் அரித்துப் போனாலோ, ஆழமில்லாத பெட்டகத்தில் வைத்திருந்தாலோ கிளம்பிவிடும். 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு லூசியானாவில் பெட்டிகளும் பெட்டகங்களும் இடம் பெயர்ந்து கிடந்தது இதனால்தான்.

கான்கிரீட் பெட்டகம்

இன்று இதைப் போடுவது உடலையோ நீரையோ காப்பதற்காக இல்லை. பெட்டி மட்கினால் மேல்மண் உள்வாங்கும். புல்வெட்டும் வண்டி ஓட்டச் சமதளம் வேண்டும். அதற்காகத்தான் பெட்டகம். 2.2 × 0.9 × 0.75 மீட்டர் வெளியளவும் 5.5 செ.மீ. சுவரும் கொண்ட பெட்டகத்துக்கு 0.43 கன மீட்டர் கான்கிரீட் பிடிக்கும். எடை ஒரு டன்னைத் தாண்டும். அதில் சிமெண்ட் சுமார் 145 கிலோ. ஒரு கிலோ சாதாரண சிமெண்ட் செய்யும்போது 0.8 முதல் 0.9 கிலோ கரியமில வாயு வெளியாகிறது; சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே பாதிக்கு மேல் வருவதால், சூளைக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது. ஆக ஒரு பெட்டகத்துக்கு 120 கிலோ அளவில். இடுகாட்டுப் பொருள்களில் காலநிலைக் கணக்கில் தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரியவற்றில் இதுவும் ஒன்று.

அடியில் வடிகால் துளை இல்லாத பெட்டகம் நாளடைவில் நீர் நிரம்பிய தொட்டியாகிவிடும். துளையுள்ளதோ, அடிப்பாகமே இல்லாத கவிழ்ப்பு வகையோ தேவலை. பெட்டகம் வேண்டாமென்றால் செய்ய வேண்டியது எளிது: தோண்டிய மண் முழுவதையும் மேலே மேடாகக் குவித்துவிட வேண்டும், 30 முதல் 40 செ.மீ. உயரத்துக்கு. ஓராண்டில் அது தானே தாழ்ந்து சமமாகும். அதுவரை மேலே கல் நடக்கூடாது; நட்டால் சாயும்.

பெட்டியின் உட்புறம்

வெளியே மூங்கிலும் கோரையும் பார்த்துத் தேர்ந்தெடுத்து, உள்ளே பாலியெஸ்டர் சாட்டின், பாலியூரித்தேன் நுரை மெத்தை, பாலித்தீன் விரிப்பு வைத்துப் புதைப்பதைப் பரவலாகக் காணலாம். இதில் பாலித்தீன்தான் முதல் எதிரி. கசிவு வெளியே வராமல் இருக்க அதை விரிக்கிறார்கள். அது உடலைச் சுற்றி நீரைத் தேக்கி, மேலே சொன்ன மெழுகு நிலைக்கு வழிவிடுகிறது. பெட்டி மட்கிய பிறகும் பை மட்டும் மிஞ்சும். தேவை என்னவோ உண்மையானது: எடுத்துச் செல்லும் சில மணி நேரத்துக்குக் கசிவு தெரியக்கூடாது. அதற்கு அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு உலர்ந்த மரத்தூளோ சீவலோ பரப்பி, மேலே தடித்த பருத்தித் துணி விரித்தால் போதும். வார்னிஷ் பட்டறைத் தூளும் எம்.டி.எஃப். தூளும் கூடாது. உறிஞ்சு விரிப்பு என்று விற்பவற்றின் உள்ளே இருப்பது, குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் அதே சோடியம் பாலிஅக்ரிலேட் மணிகள். அவை எளிதில் மட்காது.

துணியில் ஏமாற்று அதிகம். "மூங்கில் துணி" என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ்: மூங்கில் கூழைக் கார்பன் டைசல்ஃபைடோடு வினைபுரியச் செய்து, கரைத்து இழுத்த நூல். மண்ணில் மட்கும், குறையில்லை. ஆலையில் அந்தக் கார்பன் டைசல்ஃபைடு நரம்பைத் தாக்கும் நச்சு. பருத்தியும் லினனும் ஈரமான உயிர்ப்புள்ள மண்ணில் சில மாதங்களில் காணாமல் போகும். கம்பளி அதைவிட மெதுவாக. ஆனால் பருத்தித் துணியைப் பாலியெஸ்டர் நூலால் தைத்திருப்பார்கள். துணி மட்கி, தையல்கோடு மட்டும் எலும்போடு மிஞ்சும்.

சோதிக்கும் வழி: துணியிலிருந்தும் தையலிலிருந்தும் தனித்தனியாக ஒரு விரற்கடை நூல் எடுத்து, இடுக்கியில் பிடித்து, உலோகத் தட்டுக்கு மேல் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி, லினன், விஸ்கோஸ் மூன்றும் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி முடி கருகும் வாடையோடு பொசுங்கி, நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டரும் நைலானும் தீ நெருங்கும்போதே சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டி மணியாகும். மணி உருண்டால் அந்த நூல் வேண்டாம்.

கைப்பிடிக்குக் காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் துத்தநாகக் கலவை. எடையே இல்லாமல் பளபளத்தால் உலோகப் பூச்சு பூசிய பிளாஸ்டிக். சணல் கயிறோ, மரக்கட்டையோ, பெட்டியின் அடியில் முழுதும் சுற்றி வரும்படி கட்டிய பருத்திப் பட்டையோ இவற்றின் வேலையைச் செய்யும். உடலோடு வைக்கும் கைக்கடிகாரம், செவிக்கருவி, கைபேசி ஆகியவற்றின் பேட்டரிகளை எடுத்துவிட வேண்டும். காலணியையும் தவிர்க்கலாம்; அதன் அடிப்பாகம் பெரும்பாலும் பி.வி.சி.யோ பாலியூரித்தேனோதான்.

எம்பாமிங் திரவம்: எங்கே பயப்பட வேண்டும்

ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் கரைசல், 23 கிலோ உடல் எடைக்கு 4 லிட்டர் என்பது பழகிய கணக்கு. 60 கிலோவுக்கு 10 லிட்டருக்குச் சற்று மேல். அதில் ஃபார்மால்டிஹைடு 2 விழுக்காடு என்றால் சுமார் 200 கிராம். கூடவே மெத்தனால், சில கலவைகளில் குளூட்டரால்டிஹைடு, ஃபீனால், சாயம். வயிற்றறைக்குள் விடும் அடர்திரவம் தனி.

இந்த 200 கிராமில் பெரும்பகுதி உடலின் புரதத்தோடு வினைபுரிந்து பிணைந்துவிடும். பதப்படுத்துவது என்பதே அந்தப் பிணைப்புதான். கட்டுப்படாமல் மிஞ்சுவது நீரில் கரைந்து வெளியேறினாலும், காற்றோட்டமுள்ள மண்ணில் பாக்டீரியாக்கள் அதை விரைவில் சிதைத்துவிடும். ஆகவே "எம்பாமிங் செய்த உடல்கள் நிலத்தடி நீரை நஞ்சாக்குகின்றன" என்ற பரவலான பேச்சு, ஃபார்மால்டிஹைடைப் பொறுத்தவரை மிகைதான். நீர்மட்டத்துக்குள்ளேயே அமிழ்ந்த குழியும், நெருக்கமாக நூற்றுக்கணக்கில் புதைக்கும் இடமும் விதிவிலக்கு.

அசல் பாதிப்பு வேலை செய்பவருக்கு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்கப் பணியிட விதிப்படி 8 மணி நேரச் சராசரி வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 0.75 பங்கு, 15 நிமிடத்துக்கு 2 பங்கு. கண் எரிகிறது, மூக்கில் நெடி ஏறுகிறது என்றால் வரம்பை நெருங்கியோ தாண்டியோ இருக்கும். காற்றை வாயு கிளம்பும் மேசை மட்டத்திலிருந்தே உறிஞ்ச வேண்டும். கூரை விசிறி அந்த வாயுவைப் பணியாளரின் முகத்துக்கு நேராகத் தூக்கிவிடும்.

பழைய இடுகாடுகளின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், குறிப்பாக அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், பதப்படுத்தும் திரவத்தில் ஆர்செனிக் சேர்த்தார்கள். 1910 வாக்கில் அது கைவிடப்பட்டது. போட்ட ஆர்செனிக் இன்றும் அங்கேதான். அந்தக் காலத்து இடுகாட்டுக்கு அருகே கிணறு தோண்டுவதென்றால் நீரில் ஆர்செனிக் சோதனை கட்டாயம்.

சில நாள் வைத்திருக்க மட்டுமே தேவை என்றால் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்பெட்டி போதும். உலர் பனிக்கட்டி பயன்படுத்தினால் கையுறை வேண்டும். அதன் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி. மூடிய அறையில் வைக்கவே கூடாது. அது விடும் கரியமில வாயு தரைமட்டத்தில் தேங்கி, அருகில் படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டும்.

"மட்கும்" என்ற முத்திரை

இ.என். 13432 என்ற ஐரோப்பியத் தரம், பொருள் 12 வாரத்தில் துண்டுதுண்டாகி 6 மாதத்தில் 90 விழுக்காடு சிதைய வேண்டும் என்கிறது. சோதனை நடப்பதோ தொழிற்சாலை உரக்குவியலின் 58 டிகிரி வெப்பத்தில். 1 மீட்டர் ஆழ மண் அந்த வெப்பத்தை ஒருநாளும் காணாது. இந்த முத்திரை பெற்ற பி.எல்.ஏ. என்ற தாவரச் சர்க்கரையில் செய்த பிளாஸ்டிக் உரக்கூடத்தில் மறைந்துவிடும், குழியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். மண்ணில் மட்கும் என்று தனியாகச் சான்றளித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அட்டைப்பெட்டி நல்ல தேர்வுதான், மழையில் நனையாதவரை. நனைந்த அட்டை வலுவிழந்து அடிப்பாகம் தொய்யும். அடியில் 12 மி.மீ. மரப்பலகை ஒன்று வைத்து, தூக்கும் பட்டையை அந்தப் பலகையோடு இணைத்தால் பிரச்சினை தீரும். பின்னல் பெட்டிகளில் உள்ளே உருக்குக் கம்பிச் சட்டமும் நைலான் கட்டும் ஒளிந்திருக்கும்; மூடியின் கீல் பகுதியைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சாம்பல் கலசங்கள்

எரியூட்டிய பின் வரும் சாம்பல் 2 முதல் 3 கிலோ. அது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். கூடவே சோடியம் உப்புகள். காரத்தன்மை பி.எச். அளவில் 11-12 வரை போகும். மட்கும் கலசத்தில் போட்டு மேலே மரக்கன்று நட்டால் கன்று செழிக்கும் என்ற விளம்பரத்தில் கலசத்தைப் பற்றிய பாதி மட்டும் உண்மை. கலசம் மட்கும். உள்ளே இருந்த காரமும் உப்பும் ஒரே இடத்தில் வேருக்கு அடியில் இறங்கி, இலை ஓரம் கருகி, கன்று பட்டுப்போகும். நட்டே தீர வேண்டுமென்றால் சாம்பலைக் கொட்டாமல், அதன் அளவைப்போல் பல மடங்கு அமிலத்தன்மையுள்ள மக்கிய இலைமண்ணோடு கலந்து, சில மழைக்கு உப்பு இறங்கிப்போக விட்டு, அதன்பின் கன்றை அரை மீட்டராவது தள்ளி நட வேண்டும். எலுமிச்சை, தேயிலை, அசேலியா போன்ற அமில மண் விரும்பும் செடிகளைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. புல்வெளியில் தூவுவதானால் ஒரே இடத்தில் குவிக்காமல் கைக்குக் கை மெல்லியதாகப் பரப்பி, உடனே நீர் தெளித்துவிட்டால் புல்லுக்கு எந்தக் கேடும் வராது.